அறுபத்தொரு வெள்ளரிக்காய்

என் வாய்தான் எனக்கு முதல் எதிரி. என் வீட்டுக்காரர் பழனியாண்டி இதைக் கல்யாணமான வருடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஒப்புக்கொண்டது போன மாசி மாதத்தில்தான். அதுவும் ஊரே கூடியிருந்த சடங்கு வீட்டில்.

றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், மூன்றாவது லயத்து வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. குசினி ஜன்னலுக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானுக்கு இந்தப் பக்கம், இருபது அடிக்குப் பதினைந்து அடியில் ஒரு துண்டு நிலம் உண்டு. லயத்து நிலம் எல்லாம் கம்பெனியுடையது. யார் கொத்தித் திருத்தினார்களோ அவர்கள் பயிர் செய்துகொள்ளலாம். தகராறு என்று வந்தால் தோட்டத் தலைவர் சொல்வதுதான் முடிவு. முள்ளும் புல்லுமாகக் கிடந்த அந்தத் துண்டை நான்தான் இரண்டு மழைக்காலம் கொத்தித் திருத்தினேன். எனக்கென்று இந்த உலகத்தில் இருக்கும் மண் அவ்வளவுதான். அதனால் அதன்மேல் எனக்கு இருக்கும் பிடிவாதத்தை யாரும் குறை சொல்லக் கூடாது.

அதில் முதலில் முட்டைக்கோவா போட்டேன், லீக்ஸ் போட்டேன். எல்லா வீட்டிலும் அதுதான் இருந்தது. வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைப் போட வேண்டும் என்று ஆசை வந்து, ஹட்டனில் வெள்ளரி விதை ஒரு பைக்கட் வாங்கினேன். கடைக்காரர், "மலையில பிப்பிஞ்ஞா சரிவராது அக்கா, கீழ்நாட்டுக்காரங்க போடுறது அது," என்றார். சரிவராது என்று யாராவது சொல்லிவிட்டால் அப்புறம் என்னைப் பிடிக்க முடியாது. மார்கழியில் பாதிப் பைக்கட்டைப் போட்டேன்.

கொடி வந்தது பாருங்கள், அப்படி ஒரு பச்சை. உள்ளங்கையை விரித்தால் மறைக்க முடியாத இலை. லயத்துப் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பதினெட்டுக் காய் பிடித்தது. பறித்துவிடு என்று பழனியாண்டி சொன்னார்; நான் விடவில்லை. நாளெல்லாம் கொழுந்து எடுத்து நிறுவைத் தராசில் போடுகிறவள் நான். எங்களுக்கு எதுவும் கனமாக இருந்தால்தான் நல்லது. ஒவ்வொரு காயும் கைக்குழந்தை கனத்துக்கு வரும்வரை கொடியிலேயே விட்டேன். ஒன்றைக்கூட நாங்கள் தின்று பார்க்கவில்லை. முதல் காய்ப்பு சபைக்குப் போகட்டும் என்று, தலைவர் வீரய்யாவின் பேத்தி பூரணிக்குச் சடங்கு வைத்தபோது பதினெட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைவர் வீட்டு முற்றத்தில் என்னை உட்காரவைத்துப் பெருமையாகப் பேசினார்கள். அந்தப் பெருமை சரியாக ஒரு மணி நேரம் இருந்தது.

சமையல் பொறுப்பு மதுரனுக்கு. எங்கள் தோட்டத்தில் எந்த விசேஷத்துக்கும் அண்டா வைப்பவன் அவன்தான். அவன் காயை நறுக்கித் தயிர் ஊற்றிப் பச்சடி செய்துவிட்டான். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒரு வாய் வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து கான் பக்கம் போனார்கள். நானும் ஒரு வாய் வைத்தேன். கசப்பு நாக்கில் தொடங்கித் தொண்டை வரைக்கும் இறங்கியது. நானும் எழுந்து கான் பக்கம்தான் போனேன்.

என் பக்கத்து வீட்டு அழகுமுத்து அண்ணன் அப்போதுதான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அவர் பேசினால் பத்துப் பேர் சிரிப்பார்கள், அது அவருக்குத் தெரியும்.

"என்னா தங்கச்சி, இதுக்கு வேப்பங்கொழுந்தையே நறுக்கிப் போட்டிருக்கலாமே. காய்ச்சலுக்காவது கேட்டிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பூரணிகூட, சடங்குப் பெண், மணையில் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் தலைவர் பக்கம் திரும்பினார்.

"தலைவரே, அந்த எடம் சும்மா கசந்துகிட்டுக் கெடக்கு. எனக்குக் குடுங்க. மாட்டுக் கொட்டகை போட்டுக்கிறேன். நாலு வீட்டுப் புள்ளைங்களுக்குப் பாலாவது கெடைக்கும்."

தலைவர் தாடையைத் தடவினார். அவர் தாடையைத் தடவினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். அவர் யோசித்தால் அது பெரும்பாலும் நடந்துவிடும். என் குசினி ஜன்னலுக்கு வெளியே மாட்டு மூத்திரம் ஓடுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அப்போதுதான் என் வாய் திறந்தது.

"வைகாசித் திருவிழாவுக்கு அம்மன் கோயில் அன்னதானத்துல என் காயிலதான் பச்சடி. ஒருத்தர் மொகம் சுளிச்சாலும் எடத்த அண்ணனே எடுத்துக்கட்டும்."

"சொன்னா சொன்னதுதானா, ஜீவராணி?" என்றார் தலைவர்.

"சொன்னதுதாங்க."

பழனியாண்டி தலையில் கை வைத்துக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் அவர், "ஒருத்தரும் மொகம் சுளிக்கக் கூடாதா? நம்ம தோட்டத்துல? சக்கரைப் பொங்கலுக்கே மொகம் சுளிக்கிற ஆளுங்க இருக்காங்களே," என்றார். எனக்கும் அது தெரியும். ஆனால் சபையில் விட்ட வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமா?

ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிலத்தைப் பார்த்தாலே கோபம் வந்தது. எதனால் கசந்தது என்று தெரிந்தால்தானே திருத்தலாம்? விதை கெட்டது என்றார் ஒருவர். குளிர் என்றார் இன்னொருவர். கண்ணூறு என்றும் ஒருத்தி சொன்னாள். கண்ணூறு பட்டால் காய் உதிருமே தவிரக் கசக்குமா?

விடை பீலியடியில் கிடந்தது. மலையிலிருந்து குழாய் வழியாக இரவும் பகலும் தண்ணீர் கொட்டும் இடம் எங்கள் பீலி. லயத்துப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் அடுப்புச் சாம்பலை வைத்துச் சட்டி பானை விளக்குவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கறிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கொய்யாச் செடிக்குள் ஏதோ தொங்குவது கண்ணில் பட்டது. விலக்கிப் பார்த்தால் வெள்ளரிக் கொடி. மார்கழியில் நான் விதையை ஊறவைத்த டப்பா இதே பீலியில் கைதவறிக் கவிழ்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. பொறுக்கியது போக ஒரு விதை அங்கேயே முளைத்துவிட்டிருக்கிறது. ஒருவரும் உரம் போடவில்லை, ஒருவரும் பார்க்கவில்லை. நாலு காய் தொங்கியது, சாண் நீளம்கூட இல்லை.

ஒன்றைப் பறித்துப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கடித்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கடித்தேன். கசக்கவில்லை. நொறுக்கென்று உடைந்து வாய் நிறையக் குளிர்ந்த தண்ணீர், அதற்குள் ஒரு மெல்லிய இனிப்பு. இரண்டாவதையும் தின்றேன். கறிச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பழனியாண்டி அதைத் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்தக் கடையில வாங்குன?"

"நம்ம வெதைங்க. பீலியடியில காய்ச்சிருக்கு."

அன்றைக்கு இருவரும் குசினிப் படியில் உட்கார்ந்து பேசினோம். ஒரே பைக்கட், ஒரே நாள், ஒரே மலை. அங்கே மட்டும் எப்படி இனித்தது? பீலியடியில் வேருக்கு நாளெல்லாம் ஈரம். என் பாத்திக்கு நான் காலை ஐந்தரைக்கு ஒரு வாளி ஊற்றிவிட்டு மலைக்குப் போனால் மறுநாள் காலையில்தான் அடுத்த வாளி; தை மாத வெயிலில் அது என்ன பாடு பட்டிருக்கும். பீலியடி மண்ணில் ஐம்பது வருடச் சாம்பல். என் பாத்தியில் இருப்பது தேயிலைக்கு ஆகும் புளித்த மண். அதோடு பழனியாண்டி இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். உரம் போடும் வேலைக்குப் போன நாட்களில், வாளியில் ஒட்டியிருந்த தேயிலை உரத்தை வழித்துக் கொண்டுவந்து என் பாத்தியில் தூவியிருக்கிறார், பாசத்தில். அந்த உரம் எதற்கு? இலைக்கு. வந்ததும் இலைதான்.

என் தப்பும் ஒன்று இருந்தது. காலையில் பாத்திக்குள் இறங்கினால் என் கை தன்பாட்டுக்குக் கொடியின் நுனிகளைக் கிள்ளிவிடும். இருபத்தாறு வருடமாகக் கொழுந்து கிள்ளிய கை, அதற்குத் தேயிலையும் ஒன்றுதான் வெள்ளரியும் ஒன்றுதான். சுருக்கமாகச் சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெள்ளரியைத் தேயிலையாக வளர்த்திருந்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே விவசாயம் அது.

அதற்கப்புறம் நான் அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. வேலையைப் பார்த்தேன். லயத்தில் பன்னிரண்டு வீடு. தினம் மாலை வாளியோடு ஒவ்வொரு வாசலிலும் நின்று அடுப்புச் சாம்பல் கேட்டேன். "சாம்பப் பிச்சைக்காரி வந்துட்டா," என்று சிரித்துக்கொண்டேதான் போட்டார்கள். சிரிக்கட்டும். பாத்தியின் மேல்மண்ணை வழித்துக் கொட்டிவிட்டு, கான் ஓரத்து வண்டலைச் சுமந்து போட்டு, சாம்பலை அளவாகக் கலந்தேன். சாணி வேண்டியிருந்தது. லயத்தில் மாடு வைத்திருப்பவர் அழகுமுத்து அண்ணன் ஒருவர்தான். அவர் மனைவி மீனம்மா ஒருநாள் விடியற்காலையில் இரண்டு கூடைச் சாணியைத் தானாகவே கொண்டுவந்து என் பாத்தி ஓரத்தில் கவிழ்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"ஒரு மாட்டுக்கே என் இடுப்பு ஒடியுது. கொட்டகை வந்தா நாலு மாடுங்கிறாரு. அள்ளுறது யாரு, அவரா? நீ நல்லா போடு புள்ள," என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று போய்விட்டாள்.

தண்ணீருக்கு வழி பழனியாண்டி கண்டுபிடித்தார். ரயிலில் போகும் சுற்றுலாக்காரர்கள் ஜன்னல் வழியாக எறியும் பிளாஸ்டிக் போத்தல்கள் பாதை ஓரமெல்லாம் கிடக்கும். இருபத்துநாலு போத்தல் பொறுக்கி வந்து, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, ஒவ்வொரு செடியின் வேரடியிலும் தலைகீழாகக் கட்டினார். காலையில் நிரப்பினால் சாயந்தரம்வரை சொட்டுச் சொட்டாக இறங்கும். பங்குனி முதல் வாரம் மீதி விதையைப் போட்டோம். அடியில் காய்ந்த புல் பரப்பினோம், பந்தல் கட்டினோம். என் வலது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் துணி சுற்றிக்கொண்டுதான் நான் பாத்திக்குள் இறங்குவேன், கிள்ளிவிடாமல் இருக்க. இதைப் பார்த்து அழகுமுத்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "வெள்ளரி கடிச்சிருச்சா தங்கச்சி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அதுதான் ஆகப் பெரிய கட்டுப்பாடு.

சித்திரைக் கடைசியில் பூத்தது. பூத்த நாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, பத்து நாள். மழையில் தேனீ வராது. தேனீ வராவிட்டால் பூ காயாகாது. பின்பக்கம் குட்டிக் காயோடு வரும் பெண் பூக்கள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து உதிர்ந்தன. நாளுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்: ஏழு, பதினொன்று, பதினாறு. திருவிழாவுக்கு மூன்று வாரமும் இல்லை. பந்தலுக்குக் கீழே குடையோடு நின்று, ஆத்திரம் தாங்காமல், தேனீ செய்யும் வேலையை மனுசி செய்ய முடியாதா என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது. அம்மனிடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். ஒரு ஆண் பூவைக் கிள்ளி, இதழைப் பிய்த்து, நடுவிலிருக்கும் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினேன். அடுத்தது. அடுத்தது. மேலே பழனியாண்டி சாக்கை விரித்து மழையை மறைத்தார். எங்கள் டிவிஷனில் வேகமாகக் கொழுந்து எடுப்பவர்களில் நான் ஒருத்தி. எது பிஞ்சு எது முற்றல் என்று பார்க்காமலே விரலுக்குத் தெரியும். காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் அரைமணி நேரத்தில் முப்பது பூ முடித்தேன். மறுநாளும், அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் பார்த்தால் முதல் நாள் தொட்ட பூக்களின் பின்னால் பிஞ்சு சுண்டுவிரல் அளவுக்கு வீங்கியிருந்தது. நான் பழனியாண்டியின் முதுகில் அடித்த அடி அவருக்கு இரண்டு நாள் வலித்தது.

திருவிழா நாள் விடியற்காலையில் கடைசிக் காயையும் பறித்தேன். கனம் பார்க்கவில்லை. சாண் நீளத்தை எட்டுமுன்பே, தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறித்தேன். முந்தின மூன்று நாளில் பறித்தவற்றோடு சேர்த்து அறுபத்தொன்று. கொழுந்துக் கூடையில் அடுக்கி, மேலே ஈரத் துணி போட்டு, தலையில் பட்டியை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். பழக்கமான சுமைதான். ஆனாலும் வழியில் இரண்டு தடவை இறக்கிவைத்துத் துணியை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு செடியிலும் ஒரு காயைத் தின்று பார்த்திருந்தேன். எல்லாக் காயையும் தின்று பார்க்க முடியாதே.

கோயிலின் சமையல் மடுவத்தில் மதுரன் கத்தியோடு காத்திருந்தான். கூடையை இறக்கியதும் ஒரு காயை எடுத்து, காம்புப் பக்கத்தை வெட்டி, வெட்டிய துண்டாலேயே காயைத் தேய்க்கப் போனான். கசப்பு நுரையாக வெளியே வரட்டும் என்று எல்லா வீட்டிலும் செய்வது அது. நான் அவன் கையைப் பிடித்தேன்.

"தேய்க்காத தம்பி."

"அக்கா, போன தடவ அவசரத்துல தேய்க்காமத்தான்..."

"தேய்ச்சா அது ஒன் கைவேலைன்னு சொல்லிருவாங்க. அப்பிடியே நறுக்கு."

இதைக் கேட்டுக்கொண்டே அழகுமுத்து அண்ணன் வந்தார். பின்னாலேயே தலைவரும் வந்தார். தலைவர் வந்ததும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அடுப்பை விட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். அண்ணன் கூடைக்குள் கைவிட்டார். நல்ல காய் ஐம்பது இருக்க, அடியில் கிடந்த ஒன்றைத் தேடி எடுத்தார். அரிவாள் மாதிரி வளைந்து, ஒரு முனை ஒல்லியாகச் சூம்பிப் போயிருந்த காய் அது. பொடி சரியாக ஒட்டாத பூவில் வந்தது. அதை வேண்டாமென்று எடுத்து வைக்காமல் விட்டது என் பேராசை.

"காம்புப் பக்கம் கடிச்சுப் பாக்கவா?" என்றார். கசப்பு இருந்தால் அங்கேதான் இருக்கும், அது எல்லாருக்கும் தெரியும்.

"கடிங்க," என்றேன்.

கடித்தார். மென்றார். அவர் முகத்தில் ஒவ்வொரு சுருக்கத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். விழுங்கினார். மறுபடி கடித்தார். காம்பு, வளைவு, சூம்பின முனை என்று முழுக் காயையும் தின்று முடித்தார். விதை ஒன்று மீசையில் ஒட்டியிருந்தது.

"ஏங்க, சொல்லித் தொலைங்களேன்," என்றாள் மீனம்மா.

அவர் கூடையைப் பார்த்தார். "ஒண்ணுல என்னா தெரியும்? இன்னொன்னு தின்னாத்தான் சொல்ல முடியும்," என்றார்.

முதலில் தலைவர்தான் சிரித்தார். அப்புறம் எல்லாரும். அண்ணனும் சிரித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். தலைவர் ஒரு காயை எடுத்துக் காம்போடு கடித்துவிட்டு, வாயில் அதை வைத்துக்கொண்டே, "எடம் ஜீவராணிக்குத்தான். இனி அதப் பத்திப் பேச்சு வேணாம்," என்றார். தாடையைத் தடவவேயில்லை. அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன், ஆனாலும் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

பூசை முடிந்து பந்தி போட்டார்கள். நான் கரண்டியோடு பச்சடி பரிமாறினேன். ஒரு முகமும் சுளிக்கவில்லை; சர்க்கரைப் பொங்கலுக்குச் சுளிப்பவர்களும்கூட. இரண்டாம் பந்தியில் இலையைத் தட்டிக் காட்டிக் கேட்டார்கள். பூரணி மூன்று தடவை கேட்டாள். மூன்றாம் பந்தி பாதியில் அண்டா காலி. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் டிவிஷன் ஆட்கள், என்னை அவ்வளவாகத் தெரியாதவர்கள். அதில் ஒரு பெண் வெறும் கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"முன்னால ஒக்காந்தவங்களுக்கு மட்டும் அள்ளி அள்ளிக் குடுத்தீங்க, எங்களுக்கு இல்லையா? நாங்க என்னா, வேற சாமி கும்புடுறோமா?"

பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளரிப் பச்சடி இல்லாமல் எழுந்திருக்க மாட்டோம் என்றார் ஒரு கிழவர். மதுரன் சமாதானம் சொல்ல ஓடிவந்தான். நான் அவனைத் தள்ளிவிட்டு அங்கேயே நின்றேன். இருபத்தாறு வருடமாக நான் கொழுந்து எடுக்கிறேன். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தவர் எவர் முகத்தையும் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது என் கண்ணெதிரே நாற்பது பேர், என் மண்ணில் விளைந்தது போதவில்லை என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திட்டுங்க," என்றேன். "நல்லா திட்டுங்க."